பழைய டாஸுக்கு ஒரு கை ஆக்சிலரேட்டர்

என் வண்டி டொயோட்டா டாஸ் கார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பிராஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை செய்தது. வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோல் கிடையாது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்3 சாலையில் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். போய் இறங்கும்போது வலது கணுக்கால் மரத்திருக்கும். அதற்காகச் செய்தது இந்தக் கை ஆக்சிலரேட்டர்: காலுக்குப் பதில் ஒரு லீவர் பெடலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சில வருஷமாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

சாமான் சைக்கிள் கடையில் கிடைப்பதுதான்: கியர் லீவர் ஒன்று, கேபிள் ஒன்று. டிக் டிக்கென்று படிப்படியாக நகரும் புது லீவர் உதவாது. விட்ட இடத்திலேயே உராய்வில் நிற்கும் பழைய ரகம் வேண்டும். லீவரை ஹேண்ட்பிரேக் பக்கத்தில் பொருத்தி, கேபிளைப் பெடல் தண்டின் மேல்முனையில், அசல் கேபிள் மாட்டியிருக்கும் இடத்துக்கு அருகில் கட்டினேன். கேபிளால் இழுக்கத்தான் முடியும் என்பதால், முந்தும்போது காலால் இன்னும் அழுத்தலாம், தடுக்காது. பெடலைத் திரும்ப இழுக்கும், வண்டியோடு வந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்கவே கூடாது.

சரி, இது குரூஸ் கன்ட்ரோலா? இல்லை. 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்ததே வேகத்தைக் கவனித்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டருக்குக் கண் தெரியாது. அந்தக் கருவிக்குத் தெரிந்தது. என் லீவருக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் வண்டி தளரும், இறக்கத்தில் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். ஆக்சிலரேட்டர் திறந்தே இருப்பதால் எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அதனால் வழியில் வரும் செங்குத்தான டவுன் ஹில், வான் ரீனன் கணவாய் இரண்டிலும் லீவரைத் தொடுவதில்லை. ஹாரிஸ்மித் தாண்டி வார்டன், வில்லியர்ஸ் வரையுள்ள ஃப்ரீ ஸ்டேட் சமவெளிதான் இதற்கு ஏற்ற இடம். அங்கேயும் ஆகஸ்ட் காற்று எதிரே அடித்தால் அடிக்கடி லீவரை நகர்த்த வேண்டியிருக்கும். பெட்ரோலில் மிச்சம் எதுவும் கண்ணில் படவில்லை.

பெரிய குறை பிரேக். மிதித்தாலும் லீவர் விடாது. கிளட்சை மிதித்தால் எஞ்சின் அலறும். அதற்காக கேபிள் நடுவில் 12 வோல்ட் மின்காந்தம் ஒன்று வைத்தேன். பிரேக் விளக்குக் கம்பியிலிருந்து ஐந்து கால் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளுக்கு மின்சாரம். மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரம் அதே ரிலேயின் 87ஏ காலில்; சுருளில் மின்சாரம் இல்லாதவரை இணைந்தே இருக்கும் கால் அது. பிரேக் மிதித்ததும் காந்தம் விட்டுவிடும், கேபிள் தளரும். ஆனால் பிரேக் விளக்கு ஃபியூஸ் போய்விட்டால் ரிலே அசையாது, காந்தமும் விடாது. ஆகவே கிளம்பும் முன் யாரையாவது பின்னால் நிறுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் லீவர் பக்கம் கை போகும்.

மழையிலும் லாரி நெரிசலிலும் வேண்டவே வேண்டாம். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டையைச் செருகுகிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் ஏற மாட்டேன். கேபிளின் உள்கம்பி லீவர் முனையில்தான் இழை இழையாகப் பிரிய ஆரம்பிக்கும். ஒரு இழை பிரிந்தாலே மாற்றிவிடுங்கள். வண்டியை வேறு யாராவது கேட்டால், பெடல் பக்கக் கொக்கியைக் கழற்றிவிட்டுத்தான் சாவி கொடுப்பேன்.