பாத்திரம் கழுவுவதற்கு இரண்டு ஆங்கிலத் தொடர்கள்

சாப்பிட்ட பின் பாத்திரங்களைக் கழுவுவதை அமெரிக்கர்கள் ‘டூ த டிஷஸ்’ என்பார்கள். பிரிட்டனில் ‘டூ த வாஷிங் அப்’ என்பதே வீட்டு வழக்கு. முதல் தொடரிலுள்ள ‘டிஷஸ்’ தட்டுகளை மட்டுமன்றிச் சட்டி, கரண்டி, குவளை ஆகியவற்றையும் உள்ளடக்குவதாலும், இரு நாடுகளிலும் ஐயமின்றிப் புரிவதாலும், புதிதாகக் கற்பவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவது தொடருக்குக் கூடுதல் கவனம் தேவை. ‘அப்’ என்ற சிறுசொல்லை விட்டுவிட்டு ‘டூ த வாஷிங்’ என்றால், அது துணி துவைப்பதைக் குறித்துவிடும். அமெரிக்கரிடம் ‘வாஷ் அப்’ என்றாலோ, கையையும் முகத்தையும் கழுவிக்கொள்ளச் சொல்வதாகவே அவர் பொருள்கொள்வார். இரண்டுக்கும் வினைச்சொல் ‘டூ’தான், ‘மேக்’ இங்கே பொருந்தாது, அது படுக்கையைச் சீர்செய்யும் ‘மேக் த பெட்’ போன்ற தொடர்களுக்கு உரியது.