யேல் பல்கலைக்கழகத்தின் ‘நல்வாழ்வின் அறிவியல்’ இணையப் படிப்பு: ஒரு மதிப்பீடு

உளவியல் ஆய்வுகள் அன்றாட வாழ்க்கைக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று அறிய விரும்புபவர்களுக்கு, கோர்செரா என்னும் இணையக் கல்வித் தளத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வழங்கும் ‘நல்வாழ்வின் அறிவியல்’ படிப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் காணொளிகளைப் பார்த்துச் சான்றிதழ் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் இதில் சேர வேண்டியதில்லை. இந்தப் படிப்பின் உயிர் அதன் பயிற்சிகளில் இருக்கிறது. அவற்றைச் செய்யாதவருக்குக் கிடைப்பது சில சுவையான ஆய்வுச் செய்திகள் மட்டுமே.

இதை வடிவமைத்தவர் யேலின் உளவியல் பேராசிரியர் லாரி சாண்டோஸ். அங்கே சில்லிமன் என்னும் உறைவிடக் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்று மாணவர்களோடு ஒரே வளாகத்தில் வாழத் தொடங்கியபோது, நாட்டின் மிகச் சிறந்த மாணவர்கள் எனப்படுவோர் எவ்வளவு பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் நாட்களைத் தள்ளுகிறார்கள் என்பதை அவர் அருகிலிருந்து கண்டார். அதன் விளைவாக 2018 ஜனவரியில் அவர் தொடங்கிய வகுப்பில் ஏறத்தாழ 1,200 பேர், அதாவது யேலின் இளநிலை மாணவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், சேர்ந்தார்கள். முந்நூறு ஆண்டு கடந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவரை எந்த வகுப்புக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. வழக்கமான வகுப்பறைகள் போதாமல், இசைக் கச்சேரிகள் நடக்கும் அரங்கத்தில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு வெளியான இணைய வடிவத்தைத் தம் வீட்டிலேயே, சில மாணவர்களை எதிரே அமரவைத்துப் பதிவு செய்தார். அதனால் மேடைப் பேச்சின் தோரணை இல்லாமல், தெரிந்தவர் ஒருவர் நிதானமாக எடுத்துச் சொல்வதைப் போலப் பாடம் நகர்கிறது.

படிப்பின் முற்பாதி, மகிழ்ச்சி தரும் என்று நாம் நம்பியிருப்பவை உண்மையில் எவ்வளவு தருகின்றன என்பதைப் பற்றியது. நல்ல சம்பளம், நல்ல மதிப்பெண், புதிய பொருள், கச்சிதமான உடல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவை கிடைத்தபின் மனிதர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மகிழ்வதில்லை என்பதை ஆய்வுகளின் துணையோடு காட்டுகிறார். இந்தப் பகுதியில் என்னை மிகவும் கவர்ந்தது, உளவியலாளர் எலிசபெத் டன்னும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. கனடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 46 பேருக்குக் காலையில் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். சில உறைகளில் 5 டாலர், சிலவற்றில் 20 டாலர். மாலை 5 மணிக்குள் அதைச் செலவழித்துவிட வேண்டும். பாதிப் பேர் தங்களுக்காகவும், மறுபாதியினர் பிறருக்காகவும் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மாலையில் விசாரித்தபோது, பிறருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது பொருட்டாகவே இல்லை. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 2020-இல் 700-க்கும் மேற்பட்டவர்களிடம், வழிமுறையை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு நடத்திய மறுசோதனையிலும் இதே போக்கு தென்பட்டது என்பதால் இந்த முடிவின் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

சாண்டோஸ் அழுத்தமாகச் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது என்று அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்று குழந்தைகளுக்குச் சொல்லிவந்தது; அது தவறு என்கிறார் அவர். சம நீளமுள்ள இரண்டு கோடுகளின் முனைகளில் அம்புக்குறிகளை எதிரெதிராக வரைந்தால் ஒன்று நீளமாகத் தெரியும். அளந்து பார்த்து உண்மையை அறிந்தபிறகும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மகிழ்ச்சியைப் பற்றிய நம் தவறான கணிப்புகளும் இதைப் போன்றவையே. அறிவதால் மட்டும் அவை மாறுவதில்லை. ஆய்வு முடிவுகளைக் கற்பிக்க வந்தவரே, அவற்றைத் தெரிந்துகொண்டால் மட்டும் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே முதல் ஆறு வாரங்களில் பாடத்தோடு சேர்த்துச் சிறு பயிற்சிகளும், கடைசி நான்கு வாரங்களில் ஏதேனும் ஒரு பயிற்சியைத் தொடர்ந்து கடைப்பிடிக்கும் கடமையும் வைக்கப்பட்டிருக்கின்றன. நன்றி சொல்ல வேண்டியவற்றை நாள்தோறும் எழுதிவைப்பது, நல்ல தருணங்களை அவசரமின்றிச் சுவைப்பது, பிறருக்கு உதவுவது, அறிமுகமில்லாதவர்களிடம் பேச்சுக் கொடுப்பது, உடற்பயிற்சி, தியானம், போதிய உறக்கம் ஆகியவையே அந்தப் பயிற்சிகள். பார்வைக்கு எளியவை, செய்ய முனைந்தால்தான் அருமை புரியும். இவற்றில் என்னைத் திணறவைத்தது நன்றிக் கடிதம். நமக்கு நன்மை செய்த ஒருவருக்குக் கடிதம் எழுதி, முடிந்தால் நேரில் சென்று படித்துக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ போய் உட்கார்ந்து நன்றி சொன்னால், “என்னப்பா, ஏதாவது பிரச்சினையா?” என்றுதான் முதலில் கேட்பார்கள், நெருங்கிய உறவில் நன்றி சொல்வதே அந்நியப்படுத்துவதைப் போலப் பலருக்குப் படும். இது என் கற்பனை அல்ல என்பதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. அமெரிக்கரையும் தென்கொரியரையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்றில், நன்றிப் பயிற்சியால் அமெரிக்கர் பெற்ற பயனைவிடக் கொரியர் பெற்றது குறைவாகவே இருந்தது. ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்திய மாணவர்களிடம் நடத்தப்பட்டவை என்பதைப் பாடத்திலேயே இன்னும் விரிவாகப் பேசியிருக்க வேண்டும்.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை அதற்குமேல் உயர்வதில்லை என்ற டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரு ஆய்வாளர்களின் 2010-ஆம் ஆண்டு முடிவு பாடத்தில் இடம்பெறுகிறது. ஆனால் கானமனே 2023-இல், தம் முடிவுக்கு மாறான முடிவு கண்ட மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு இணைந்து தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் தொடர்ந்து கூடுகிறது என்றும், மகிழ்ச்சி மிகக் குறைந்த சிறுபகுதியினருக்கே அது ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்றும் திருத்தினார். 2018-இல் வெளியான காணொளியை இன்று பார்ப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்தது, எல்லாப் பயிற்சிகளையும் சம உறுதியோடு முன்வைப்பது. ஊடகங்கள் அடிக்கடி பரிந்துரைக்கும் மகிழ்ச்சி வழிமுறைகளை டன்னும் டுனிகன் ஃபோக்கும் 2023-இல் சல்லடை போட்டுப் பார்த்தபோது, நன்றியுணர்வுக்கும் பிறரோடு பழகுவதற்கும் ஓரளவு திடமான ஆதாரம் கிடைத்தது. தியானம், உடற்பயிற்சி ஆகியவை பொதுவான மக்களின் மகிழ்ச்சியைக் கூட்டும் என்பதற்கு வலுவான சோதனைகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தன. உடற்பயிற்சி உடலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. இங்கே கேள்வி மகிழ்ச்சியைப் பற்றியது மட்டுமே.

படித்தவர்களுக்குப் பயன் கிடைத்ததா என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வில், இதே தளத்தில் யேலின் உளவியல் அறிமுகப் படிப்பைப் படித்தவர்களைவிட இதைப் படித்தவர்களின் மனநிறைவு கூடுதலாக உயர்ந்திருந்தது. ஆனால் அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அதனால் அந்த உயர்வு முழுவதும் படிப்பால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பயன் நீடிக்குமா என்பதற்கு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் புரூஸ் ஹூட் நடத்திய இதையொத்த படிப்பிலிருந்து விடை கிடைக்கிறது. படித்து ஓரிரு ஆண்டுகள் கழித்து அந்த மாணவர்களை மீண்டும் அணுகியபோது, பயிற்சிகளைத் தொடர்ந்து செய்துவந்தவர்களிடமே பயன் நிலைத்திருந்தது. மற்றவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

சாண்டோஸ் சற்று வேகமாகப் பேசுவதால், ஆங்கிலப் பேச்சு பழக்கமில்லாதவர்கள் வேகத்தைக் குறைத்து, திரையில் ஓடும் எழுத்து வரிகளை இயக்கிக்கொண்டு கேட்பது நல்லது. கடைசி நான்கு வாரங்களுக்கு உறக்கத்தையோ நண்பர்களோடு பேசுவதையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு, கூடவே செய்ய ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இடையில் விட்டுவிடும் வாய்ப்பு குறையும். தீவிர மனச்சோர்விலோ தற்கொலை எண்ணத்திலோ இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு சிகிச்சைக்கு மாற்றாகாது. அவர்கள் மனநல மருத்துவரை அணுக வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.