வெளுத்துப்போன ஐந்தாம் எண்

இருட்டறையில் கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் பிரிண்ட் போடும் வேலையில் இப்போதுதான் இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "கான்ட்ராஸ்ட் ஃபில்டர் தொகுப்பு வாங்கலாமா? நீங்கள்தான் ஏழு வருடமாக வைத்திருக்கிறீர்களே." தாராளமாக வாங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் தொகுப்பின் ஐந்தாம் எண் ஃபில்டர் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் விளக்கொளியில் செருக, 00 முதல் 5 வரை அரைப் படி அரைப் படியாகப் பன்னிரண்டு நிற ஃபில்டர்கள். எண் ஏற ஏற, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், கூடும். இல்ஃபோர்ட் 1940இல் மல்டிகிரேட் தாளைக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை: நீல ஒளி படப்படக் கான்ட்ராஸ்ட் ஏறும், பச்சை ஒளி படப்பட இறங்கும். மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கிறது, மஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) பச்சையைத் தடுக்கிறது. ஒரே பெட்டித் தாளில் மந்தமான நெகட்டிவுக்கும் முரட்டு நெகட்டிவுக்கும் வழி கிடைத்துவிடுகிறது. மூன்றரை வரை ஒரே எக்ஸ்போஷர், அதாவது ஒளி கொடுக்கும் நேரம்; நான்கிலிருந்து இரட்டிப்பு. இதை மறந்து முதல் வருடம் நான் வீணாக்கிய தாளுக்குக் கணக்கில்லை. அது என் மறதி, ஃபில்டரின் மேல் பழி போடமாட்டேன்.

என்னை மயக்கியது 00, 5 இரண்டையும் வைத்து ஒரே பிரிண்டில் இரண்டு முறை ஒளி கொடுக்கும் முறைதான். 00இல் கொடுக்கும் ஒளி வெளிர்ப் பகுதிகளை மெல்ல நிரப்பும். அந்த பிரிண்ட் தனியே பார்த்தால் சோகை பிடித்தாற்போல் இருக்கும். அதன்மேல் 5இல் சில விநாடிகள் கொடுத்து டெவலப்பர் ட்ரேயில் போட்டால், நனைந்த கல் சுவரின் விரிசல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

நான்காவது வருடம் அந்தக் கறுப்பு எழுவது நின்றது. ஒரே நாளில் நின்றிருந்தால் உடனே பிடித்திருப்பேன். மாதக் கணக்கில் சிறிது சிறிதாகப் போனது. முதலில் தாளைச் சந்தேகித்துப் புதுப் பெட்டி பிரித்தேன். பிறகு டெவலப்பர்: புதிதாகக் கலந்து, 20 டிகிரியில் வைத்து, கடிகாரம் பார்த்து எடுத்தேன். அடுத்து சேஃப்லைட், அதாவது தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்கு: தாளுக்கு என்லார்ஜரில் மிக மெல்லிய சாம்பல் வரும் அளவு ஒளி காட்டி, மேலே நாணயம் வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். விளக்கு தாளைப் பாதித்திருந்தால் நாணயத்தின் வட்டம் விழுந்திருக்கும்; தெரியவில்லை. எல்லாம் சுத்தம், பிரிண்ட் மட்டும் சாம்பல்.

துப்பு என் குறிப்பேட்டிலேயே கிடந்தது. ஐந்தாம் எண்ணுக்கு நான் கொடுக்கும் நேரம் 24 விநாடியிலிருந்து 19க்கு இறங்கியிருந்தது. லென்ஸைத் துடைத்ததன் பலன் என்று அப்போது மகிழ்ந்து வேறு தொலைத்தேன்! கடைசியில் ஃபில்டரைச் சட்டத்திலிருந்து உருவி வெள்ளைத் தாள்மேல் வைத்தேன். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் அடர்ந்த மஜந்தா, நடுவே வெளிறிய ரோஜா நிறம். அந்த வெளிறலின் வழியே பச்சை ஒளி கசிந்து, வெளிர்ப் பகுதியைச் சாம்பலாக்கியிருக்கிறது. நான் நேரத்தைக் குறைக்க, கறுப்பும் மெலிந்திருக்கிறது. அடர்த்தி படிப்படியாகக் கூடும் சோதனை ஃபிலிமான படி அளவுத் துண்டை வைத்து பிரிண்ட் போட்டேன். படிகள் குறைவாக வந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே முன்பு மூன்று படிகள் வந்த இடத்தில் இப்போது ஐந்து. பெயர் ஐந்து, வேலை மூன்றரை.

என் தவறும் உண்டு. விளக்குக்குப் பக்கத்து டிராயரில் ஃபில்டரை விட்டபடியே, விளக்கை எரியவிட்டு ஃபோகஸ் பார்ப்பேன். சூடும் ஒளியும் சாயத்தைத் தின்றிருக்கின்றன. பெட்டியில் வந்த தாளில் வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. ஆனால் எவ்வளவு காலம் தாங்கும், எப்போது சோதிக்க வேண்டும் என்பது பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. நிறம்தான் இந்தப் பொருளின் முழு மூலதனம். அது கரைவதை வாங்கியவனே துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டுமாம்!

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சாயத்துக்குப் பதிலாகப் பூச்சால் நிறம் தரும் டைக்ரோயிக் கண்ணாடி ஃபில்டர் உள்ள கலர் ஹெட் (நிறத்தைத் திருகி மாற்றும் என்லார்ஜர் விளக்குப் பகுதி) கிடைத்தால் அதை எடுங்கள். அந்த நிறம் இப்படி வெளுக்காது. பல ஹெட்களில் மஜந்தாவை முழுக்கத் திருகினாலும் நிஜமான ஐந்து கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமான ஐந்து இல்லாமல் என்னால் முடியாது. அதனால் அதே தொகுப்பை மறுபடி வாங்கிவிட்டேன். இந்த முறை உறையில் தேதி எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படி அளவுத் துண்டு.

பழைய ஐந்தை எறிய மனம் வரவில்லை. அதன் எண்ணை அடித்துவிட்டு 3½ என்று எழுதி, தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் மூன்றரைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.