கபிரோலா, ஹலேவியா? யாரிடமிருந்து தொடங்குவது

இடைக்கால ஸ்பெயினின் யூத ஞானத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒருவர் மாலகாவில் பிறந்து சரகோசாவில் வளர்ந்த சாலமோன் இப்னு கபிரோல் (சுமார் 1021-1058). மற்றவர் மருத்துவராகப் பிழைத்த யெஹூதா ஹலேவி (சுமார் 1075-1141). இருவருமே கவிதையை எபிரேயத்திலும் தத்துவத்தை அரபியிலும் எழுதினார்கள். கபிரோலைத் தத்துவவாதி என்றும் ஹலேவியைக் கவிஞர் என்றும் பிரிப்பது வழக்கம். புதிதாகப் படிக்க வருகிறவர் அதைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. ஹலேவியிடம் முதலில் உரைநடை, கபிரோலிடம் முதலில் கவிதை.

கபிரோலின் தத்துவ நூல் ‘உயிரின் ஊற்று’. கடவுளைத் தவிர மற்ற எல்லாமே, ஆன்மாவும் வானதூதர்களும்கூட, பொருளும் வடிவமும் சேர்ந்து உண்டானவை என்பது அதன் மையக் கருத்து. துணிச்சலான கருத்துதான், கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. ஆனால் குருவும் சீடனும் பேசுவதாக அமைந்த அந்த நூலில் சீடனுக்கென்று ஒரு முகமே இல்லை. வேத வசனமோ, யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத்தின் மேற்கோளோ கிடையாது. அதனால் ஒரு விபரீதம் நடந்தது. அரபி மூலம் தொலைந்துபோக, 12ஆம் நூற்றாண்டின் லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டும் ‘அவிசெப்ரோன்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் உலவியது. எழுதியவர் முஸ்லிம் என்று சிலர் நினைத்தார்கள், கிறிஸ்தவர் என்று சிலர். அவிசெப்ரோன்தான் கபிரோல் என்று சாலமோன் முங்க் என்ற அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னது 1846இல்.

ஹலேவியின் உரைநடை நூலான ‘கூசாரி’ இதற்கு நேர் எதிர். “உன் எண்ணம் கடவுளுக்குப் பிடித்திருக்கிறது, செயல்தான் பிடிக்கவில்லை” என்று காஸ்பியன் கடல் பக்கத்துக் கசார் நாட்டு மன்னனுக்குக் கனவில் ஒரு குரல் கேட்கிறது. கலங்கிப்போன மன்னன் ஒரு தத்துவவாதியைக் கூப்பிட்டுக் கேட்கிறான், பிறகு கிறிஸ்தவரை, முஸ்லிமை, கடைசியாக ஒரு யூத அறிஞரை. யூதர் உலகப் படைப்பிலிருந்து தொடங்கவில்லை. எகிப்திலிருந்து எங்களை மீட்ட கடவுளை நம்புகிறேன் என்கிறார். கபிரோல் அண்டத்தில் தேடியதை ஹலேவி தம் மக்களின் நினைவில் தேடுகிறார்.

இந்த நூலை நான் இவ்வளவு மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மக்கள் தாழ்மையோடு வாழ்கிறார்கள் என்று யூத அறிஞர் பெருமைப்படும்போது மன்னன் குறுக்கிடுகிறான்: அந்தத் தாழ்மை நீங்களாக ஏற்றுக்கொண்டதா? கையில் அதிகாரம் கிடைத்தால் நீங்களும் கொல்லத்தானே செய்வீர்கள்? எங்கள் பலவீனத்தைத் தொட்டுவிட்டாய் என்று அறிஞர் ஒப்புக்கொள்கிறார். தன் சமயத்தைக் காக்க எழுதும் நூலில் எதிராளியை இப்படி ஜெயிக்க விடுவதற்குத் தனி நேர்மை வேண்டும். அதே நூலில், மதம் மாறி வருகிறவர் பிறவி யூதருக்கு முழுச் சமமாக மாட்டார் என்ற வாதமும் வருகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மன்னனே மதம் மாறப்போகிறவன் அல்லவா.

சரி, கபிரோலின் கவிதைக்கு வருவோம். ‘அரச மகுடம்’ 40 பகுதிகள் கொண்ட நீண்ட கவிதை. கடவுளைப் போற்றித் தொடங்கி, பூமியிலிருந்து நிலா, புதன், வெள்ளி, சூரியன் என்று வான்கோளங்களின் வழியே படிப்படியாக மேலே ஏறுகிறது. சூரியன் பூமியைப் போல் 170 மடங்கு பெரியது என்ற அக்காலத்து வானியல் கணக்குகூட அதில் பாட்டாகிவிடுகிறது. அவ்வளவு உயரம் போனபின், கடைசிப் பகுதிகளில் சட்டென்று ஒரு மனிதன் தன் குற்றங்களோடு தனியாக நிற்கிறான். “என் பாவத்தை நீ தேடி வந்தால், உன்னிடமிருந்து உன்னிடமே ஓடுவேன், உன் கோபத்துக்குத் தப்ப உன் நிழலிலேயே ஒளிவேன்” என்கிறான். அடிக்கிற அம்மாவின் சேலையையே பிடித்துக்கொண்டு அழும் குழந்தைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. தத்துவ நூலில் எழுதியவரின் பெயரே மறைந்துபோனது. இந்தக் கவிதையையோ யோம் கிப்பூர் நோன்பு நாளில் பல யூதர்கள் இன்றும் ஓதுகிறார்கள்.

அப்படியானால் ஹலேவியின் கவிதை? “என் நெஞ்சம் கிழக்கில், நானோ மேற்கின் கடைக்கோடியில்” என்ற அவருடைய வரியை ‘கூசாரி’க்கு அப்புறம் படித்துப் பாருங்கள், அதன் கனமே வேறு. நூலின் முடிவில் யூத அறிஞர் எருசலேமுக்குப் புறப்படுகிறார், மன்னன் தடுத்துப் பார்க்கிறான். எழுதியவரும் அப்படியே செய்தார். 1140இல், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், ஸ்பெயினில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலெக்சாண்டிரியாவில் வந்து இறங்கினார். எகிப்தில் அவரை உபசரித்த நண்பர்களில் ஒருவர் இந்தியாவோடு வணிகம் செய்துவந்த ஹல்ஃபோன் பென் நெத்தனேல். இன்னும் கொஞ்சநாள் இருங்கள் என்று அங்கே பலரும் கேட்டுக்கொண்டார்கள். கெய்ரோ தொழுகைக்கூடத்தின் பழைய தாள் குவியலில் கிடைத்த கடிதங்களில் அந்த மாதங்கள் பதிவாகியிருக்கின்றன. 1141 மே மாதம், கப்பலில் ஏறி, மேற்கிலிருந்து காற்று வீசுவதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.