டேப்லெட்டா, நேரலை வகுப்பா, இணையமில்லாச் சர்வரா?

கிராமத் தொடக்கப்பள்ளிக்கு டிஜிட்டல் உதவி செய்யலாம் என்று யாராவது முன்வந்தால், மூன்று யோசனைகள்தான் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைக்கு ஒரு டேப்லெட் கொடுப்பது. வேறு ஊர் ஆசிரியரை வீடியோவில் வகுப்பெடுக்கச் சொல்வது. பாடங்களைச் சேமித்து வைத்து, அருகிலுள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் இணையம் இல்லாமலே அனுப்பும் சிறு சர்வரைப் பள்ளியில் வைப்பது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் ஓட்டு மூன்றாவதற்கு. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு.

டேப்லெட் வழங்கும் விழாவில் புகைப்படம் நன்றாக வரும். படிப்பு? பெரு நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் மாணவருக்கு லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை ஆராய்ந்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. திட்டம் போன பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்றிருந்த விகிதம் 1.18 ஆனது. சுமார் 15 மாதம் கழித்தும் கணக்கு, மொழிப்பாட மதிப்பெண்கள் அசையவில்லை. அதற்காக டேப்லெட்டே வீண் என்று ஒதுக்கவும் முடியாது. தான்சானியாவில் ஏறத்தாழ 170 சிற்றூர்களில் நடந்த குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் போட்டியில், சுவாஹிலியில் பிள்ளைகள் தாமே படிக்கும்படி அமைத்த மென்பொருள்கள் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உயர்த்தின. 2019இல் இரு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. பிள்ளைக்குப் புரியும் மொழியில் படிப்படியாகக் கோத்த பாடம் உள்ளே இருந்தது, அதனால் கருவியும் உதவியது.

நேரலை வகுப்பு கேட்க இனிப்பாக இருக்கும். வகுப்பறையில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் ஆசிரியர் "ஏழும் ஐந்தும் எத்தனை?" என்கிறார். சத்தம் போய்ச் சேர இரண்டு விநாடி. அதற்குள் முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துகிறார்கள். அந்தப் பக்கம் இரைச்சல்தான் கேட்கிறது. "சபாஷ்" என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். கடைசி வரிசைப் பிள்ளை நோட்டில் பதினொன்று என்று எழுதியிருப்பதை கேமரா காட்டாது. அருகில் நிற்கும் ஆள்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆளையும் சேர்த்துத் திட்டமிட்ட இடம் உருகுவே. அங்கே தொடக்கப்பள்ளி ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு வகுப்பைத்தான் தொலைவிலிருந்து வீடியோவில் வரும் ஆசிரியர் எடுக்கிறார். மீதி இரண்டை, ஆங்கிலம் அதிகம் தெரியாத வகுப்பாசிரியரே நடத்துகிறார். இருவரும் இணையத்தில் பேசி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளூரில் ஆளே கிடைக்காத பாடத்துக்கு இது பொருத்தம். இரண்டாம் வகுப்புக் கூட்டலுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

சர்வர் என்றதும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போதும். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவி, இணையம் கிடைக்கும் ஊரில் வீடியோக்களையும் பயிற்சிகளையும் ஒருமுறை இறக்கிக்கொண்டு பள்ளிக்கு எடுத்து வரலாம். அதன் வைஃபை எல்லைக்குள் இருக்கும் பழைய போன்கூட அவற்றைத் திறக்கும். டவர் கிடைக்கவில்லை என்று வகுப்பு நிற்காது. எந்தப் பிள்ளை எந்தப் பயிற்சியில் சிக்கியிருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வகுப்பு பயிற்சி போடும் நேரத்தில் இன்னொரு வகுப்போடு உட்காரலாம்.

குறையும் இருக்கிறது. பெரிய மொழிகளில் பாடம் குவிந்து கிடக்க, மற்ற மொழிகளில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். என் நிபந்தனை இங்கேதான். சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர வேண்டும். ஒருவர் பின்னம் பற்றி மூன்று நிமிட வீடியோ எடுக்க, இன்னொருவர் பயிற்சித்தாள் போட, மாதம் ஒருமுறை எல்லாச் சர்வரிலும் ஏற்ற வேண்டும். (காலை வணக்கப் படங்களுக்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள்.) அப்படி நாலு பேர்கூடத் தேறாத வட்டாரமென்றால் சர்வரும் சீக்கிரமே தூசி படிந்துவிடும், அங்கே அந்தப் பணத்தைக் கதைப் புத்தகங்களுக்குக் கொடுப்பேன்.