யாருக்கு ஓட்டு? ஏ.ஏ. குழுவும் பதிவுச் சங்கமும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் குடியை விட்டவர்கள் சேர்ந்து குழு தொடங்க மூன்று வழிகள் உண்டு: குடியை நிறுத்த விரும்புவோர் பெயர் வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ. முறை, பதிவுச் சங்கம், சிகிச்சை மையம் நடத்தும் தொடர்கூட்டம். குழுவின் முடிவுகளில் யாருக்கு ஓட்டு என்பது வழிக்கு வழி மாறும். கடைசியில் சொன்னதில் பொதுவாக ஓட்டுக்கே வேலையில்லை. நேரமும் இடமும் ஆலோசகர் முடிவு. பலருக்கு அதுவே போதும்.

மற்ற இரண்டும் உறுப்பினர் யார் என்பதிலேயே பிரிந்துவிடுகின்றன. 1950-ல் ஏற்கப்பட்ட ஏ.ஏ. மரபுகள் பன்னிரண்டில் மூன்றாவது, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும் என்கிறது. சந்தா இல்லை, படிவம் இல்லை. மறுபடி குடித்தவரும் உறுப்பினர்தான். போதையில் வந்து கலாட்டா செய்தால் அன்றைக்கு வெளியே அனுப்பலாம், அவ்வளவே. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படியோ குறைந்தது 7 பேர், துணை விதி (சங்கம் தனக்கென எழுதிக்கொள்ளும் விதிகள்), நிர்வாகக் குழு, பெயர் முகவரியோடு பதிவேடு எல்லாம் வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட யார் வருவார்கள்?

ஏ.ஏ.யில் ஒருவர் எத்தனை கூட்டங்களுக்குப் போனாலும், தன் குழு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றில் மட்டுமே ஓட்டுப் போடுவது வழக்கம். எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்ற கணக்கைச் செயலாளர், பொருளாளர் பொறுப்புக்குப் பார்க்கலாம். ஓட்டுக்குப் பார்ப்பது சரியல்ல. வெறும் பெரும்பான்மையும் அங்கே பெரிதில்லை. 14 பேரில் 8 பேர் கைதூக்கிக் கூட்ட நேரத்தை மாற்றினால், மற்ற 6 பேர் மறுவாரம் வராமல் போகலாம். தோற்ற தரப்பைப் பேசவிட்டு மறுபடி எண்ணுவதும், மூன்றில் இரண்டு பங்காக 10 பேர் சேரும்வரை ஒத்திப்போடுவதும் நல்லது. சங்கத்தில் துணை விதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு, அதாவது அதே 14 பேரில் 11.

இரண்டு முறைக்கும் இந்தக் கரையில் ஒரே சிக்கல், வருகையை வைத்து ஓட்டுரிமை தருவது. ‘கடைசி 4 கூட்டங்களில் 3-க்கு வந்தவருக்கே ஓட்டு’ என்று எழுதுவது சுலபம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. எந்தக் கிழமையில் கூடினாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும். கரையில் இருந்த நாட்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இல்லையேல் ‘இது என் குழு’ என்ற வாய்ச்சொல்லே போதும் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பொறுப்பாளர் தேர்தல் வேண்டாம். கூலிக்குப் போகிறவர்களில் சிலர் கேரளப் பக்கம் போய்விட, படகு உரிமையாளர்கள் கை ஓங்கிவிடும்.

கைதூக்குவதைவிடச் சீட்டு மேல். முதலாளி எதிரே உட்கார்ந்திருக்க, அவர் படகில் பங்குக்குப் போகிறவர் வேறு பக்கம் கைதூக்க மாட்டார்.

ஏ.ஏ. வெளிப்பணம் வாங்காது. சங்கம் வாங்கலாம், ஆனால் பணம் தந்தவரைப் ‘புரவலர்’ ஆக்கினால் அவருக்கு ஓட்டில்லை என்று துணை விதியிலேயே எழுதிவிட வேண்டும். வாடகை, டீச்செலவு உண்டியலிலேயே முடிந்தால் பதிவு வீண்வேலை. சொந்தக் கட்டடமோ மானியமோ வேண்டுமென்றால் மட்டும் சங்கம் போடுங்கள். அதன் நிர்வாகக் குழு கட்டடத்தைப் பார்க்கட்டும், கூட்டத்துக்குள் யார் வரலாம் என்பதில் அதற்கு ஓட்டு வேண்டாம்.