பித்தளைக் கேத்தில் என்று 42,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு பெரிய பித்தளைக் கேத்தில் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசு போடுங்கள். என்னுடைய 42,000 ரூபாய் போய்விட்டது. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்ற 1.7 லீற்றர் கரண்ட் கேத்தில் எந்த மூலைக்கு? லண்டனில் நான் ஏறி இறங்கிய தமிழ்க் கடைகளில் எல்லாம் மெல்லிய சில்வர்தான். எனக்கு வேண்டியது எங்கள் முள்ளியவளை வீட்டில் இருந்ததைப் போல, வளைந்த மூக்கும் கனத்த பிடியுமாக எட்டு லீற்றர் பிடிக்கிற ஒன்று. அது 2009இல் கடைசிப் போரில் மாத்தளனோடு போனது.

'வன்னியிலிருந்து ஊர்ச் சாமான் அனுப்புகிறோம்' என்று ஒரு சமூக வலைத்தளப் பக்கம் கண்ணில் பட்டது. பெயரைப் போட்டால் வழக்காம், அதனால் விடுகிறேன். ஆள் வீடியோவில் வந்தார். கேத்திலைத் தூக்கிக் கரண்டியால் தட்டிக் காட்டினார், ணங்கென்று கேட்டது. விலை கூட என்று நான் இழுத்தேன். "அக்கா முள்ளியவளையே? வற்றாப்பளைப் பொங்கலுக்கு உங்கட காட்டா விநாயகர் கோயிலில இருந்துதானே மடைப்பண்டம் வாறது. உப்புத்தண்ணியில விளக்கெரியிற அம்மாள் அறிய, இது அசல் பித்தளை" என்றார். வற்றாப்பளை அம்மாளின் பெயரைச் சொல்லிப் பொய் சொல்வான் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? அடுத்த நாளே கிளிநொச்சியில் இருக்கிற மச்சாள் வங்கியில் 42,000த்தையும் போட்டுவிட்டாள். பார்சல் கூலி அதற்கு மேல், தனி.

வந்த பெட்டியைத் தூக்கியபோதே பாரம் காணாது. தண்ணீர் கொதிக்க வைத்தால் மூக்கு பொருத்திய இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகி அடுப்பை அணைத்தது. படம் எடுத்து அனுப்பினேன். "புதுப் பித்தளை அப்பிடித்தான் அக்கா, புளி போட்டுத் தேயுங்கோ" என்று பதில். ஒழுகுவதற்கும் புளிக்கும் என்ன சம்பந்தம்? சரி என்று தேய்த்தேன். பொன்னிறம் முழுக்கத் துணியில் வந்தது, அடியில் சாம்பல் நிறத் தகரம். பிரிஜ் கதவில் இருந்த காந்தத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், டக்கென்று ஒட்டியது. பித்தளை என்றால் காந்தம் ஒட்டாது. இரும்புத் தகரத்துக்கு மேலே பூச்சு!

அதன் பிறகு ஒரே சாட்டு. பொதி கட்டின பொடியன் மாற்றி வைத்துவிட்டானாம். முதலாளி கதிர்காமம் போய்விட்டாராம். திருப்பி அனுப்பலாமாம், செலவு என்னுடையதாம். பற்றுச்சீட்டுக் கேட்டேன், அதற்கு மட்டும் பதிலே இல்லை. கடைசியாக, "வெளிநாட்டில இருக்கிற உங்களுக்கு 42,000 ஒரு காசே அக்கா?" என்று குரல் பதிவு. பிறகு என்னைத் தடுத்துவிட்டார். மச்சாள் அவர்கள் கொடுத்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தாள். பரந்தன் சந்திக்குக் கிட்ட அது ஒரு சீமெந்துக் கடை. கேத்தில் விற்கிறவரை அங்கே யாருக்கும் தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வீடியோவிலேயே காந்தத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தராசிலும் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முழுக்காசையும் முன்னுக்குப் போடாதீர்கள். ஊரில் சொந்தம் இருந்தால் கையில் வாங்கிப் பார்த்த பிறகு காசு கொடுக்கட்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் பாவனையாளர் சட்டத்திலேயே இருக்கிறது, தரமாட்டேன் என்கிறவனிடம் வாங்காதீர்கள். இலங்கையில் இருக்கிறவர்கள் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். மச்சாள் நாளைக்கு அழைக்கிறாள்.

இன்று காலையும் அதே வீடியோவை 'புதுச் சரக்கு' என்று போட்டிருக்கிறார்கள். கீழே இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் இதை அனுப்பிவிடுங்கள். என் 42,000 வரும்வரை இந்தப் பதிவை நான் எடுக்கப் போவதில்லை.